இடிக்குப் பிடுங்கிய பிளக்

புனே

அன்புள்ள நைனாவுக்கு ஜெயசுதா எழுதுவது. முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மா சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன். போனில் பேசினால் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன்.

பெரிதாக ஒன்றுமில்லை. நம் கடலைக் கொல்லையில் விழுந்த இலைநோயைப் பற்றி திங்கட்கிழமை பேராசிரியர்கள் முன்னால் பேச வேண்டும். அதற்கான பிரசன்டேஷனை சேவ் செய்துகொண்டிருந்தபோது பெரிய இடி. "பிளக்கைப் புடுங்குடி!" என்று நீங்கள் வீட்டில் கத்துவதுபோலவே இருந்தது. கை தானாகப் போய்ப் பிடுங்கிவிட்டது. பேட்டரி செத்த லேப்டாப், அப்படியே அணைந்தது. அதற்குப் பிறகு ஃபைல் திறக்கவே இல்லை.

அறைத்தோழி ஸ்நேகல் ஏதேதோ செய்து, உள்ளே இருந்த படங்களை மட்டும் மீட்டுக் கொடுத்தாள். எழுதியதும் கணக்குகளும் போய்விட்டன. முதலில் வந்த படத்தில் நீங்கள் நோய்ச்செடியைத் தூக்கிக் காட்டியபடி நிற்கிறீர்கள். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன், வேலை ஓடவில்லை.

இப்போது ஞாபகத்திலிருந்து எழுதுகிறேன். சரியாக வராவிட்டால் மறுபடி செய்யச் சொல்வார்கள், பொங்கலுக்கு வர முடியாது. அம்மாவிடம் இப்போது சொல்ல வேண்டாம். அவளுடைய பழைய போர்வை ஒன்றை மட்டும் அனுப்புங்கள், துவைக்காமல்.

மெஸ்ஸில் மணி அடித்துவிட்டது. நம்மூர் சிங்கவரத்தில் இடி இடித்தால் எனக்கும் போன் போட்டு, "பிளக்கைப் புடுங்கிட்டியாம்மா?" என்று கேளுங்கள் நைனா. இங்கே மழை இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

உங்கள்
ஜெயசுதா