கண்மாய் நலமா?

12 ஜூன் 1963

எட்டு அவுன்ஸ் — ஐம்பத்தெட்டு நொடி.

காலையில் கொல்லைப்புறத்தில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, பழைய அளவு பாட்டிலையும் கைக்கடிகாரத்தையும் எடுத்துப் போய், சிறுநீர் எத்தனை நொடியில் போகிறது என்று எனக்கு நானே அளந்தேன். ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தபோது எத்தனை கிழவர்களுக்கு அளந்திருப்பேன். "பாட்டிலப் பாக்காதீங்க, சுவத்தப் பாத்துப் போங்க" என்று அதட்டுவேன். இன்று நானும் சுவரைத்தான் பார்த்தேன். சுவரில் ஒரு பல்லி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இருபது நொடிக்குள் முடிந்தால் நல்லது. ஐம்பதைத் தாண்டினால் டாக்டர் மரியசெல்வம் அந்தப் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் கோடு போடுவார். எனக்கு நானே கோடு போட்டுக்கொள்ள மனம் வரவில்லை.

14 ஜூன்

மீனம்மாள் கண்டுபிடித்துவிட்டாள் போலிருக்கிறது. "என்னங்க, நீங்க கொல்லைக்குப் போயிட்டு வாரதுக்குள்ள தஞ்சாவூர் பஸ்ஸு போயிட்டுத் திரும்பிரும் போலருக்கு" என்றாள். டீ அதிகமாகிவிட்டது என்றேன். "ஊர்ல டீ குடிக்கிறவரு நீங்க ஒருத்தருதானா?"

பெண்டாட்டியிடம் பொய் சொல்லி ஜெயித்தவன் இந்தத் தெருவில் இல்லை.

17 ஜூன்

தஞ்சாவூர் என்று அவள் சொன்னது மூன்று நாளாக மனத்தில் உறுத்துகிறது. டாக்டர் இப்போது அங்கேதான் சொந்தமாக ஆஸ்பத்திரி வைத்திருக்கிறார். ஒரு பஸ் ஏறினால் போதும். விரலால் தடவிப் பார்த்தே சதையடைப்பா, கல்லா, பழைய தழும்பா என்று சொல்லிவிடுகிற கை அது. நான் மட்டும் அவரிடம் போக முடியாது. ஏன் என்று இந்த நோட்டில்கூட எட்டு வருஷமாக — இல்லை, ஆறு வருஷமாக — எழுதவில்லை.

1955-இல் மதராஸிலிருந்து எங்கள் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்தார். சமஸ்தானக் காலத்திலிருந்து மருந்து கலக்கிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு, "ரெங்கசாமி, உங்க கையெழுத்து நல்லாருக்கு, எங்கூட வாங்க" என்றார். நீரடைத்து வருகிற கிழவர்களில் யாருக்குக் கத்தி வேண்டும், யாருக்கு வேண்டாம். கத்தி வைத்தவர்கள் இரண்டு வருஷம் கழித்து எப்படி இருக்கிறார்கள். இதுதான் அவருடைய ஆராய்ச்சி. பெரிய ஊர்களில் கணக்கு இருக்கிறது, நம் பக்கத்துக்கு யாரும் எடுக்கவில்லை என்பார். நான் நொடி எண்ணினேன், பதிவேடு எழுதினேன். எழுபத்திரண்டு பேர். பேர் சொன்னால் இன்றைக்கும் முகம் வருகிறது.

அந்த இரண்டரை வருஷம்தான் நான் வேலைக்குச் சந்தோஷமாகப் போனேன். அதற்கு முன்னும் பின்னும் சம்பளத்துக்குப் போனேன்.

20 ஜூன்

அறுபத்திரண்டு நொடி. இரவில் ஐந்து தடவை எழுந்தேன்.

ஹாஜா முகைதீனை நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். தையல் பிரித்து ஊருக்குப் போனவர்கள் திரும்பி வந்து காட்டுகிற வழக்கம் ஏது? ஆகவே பதில் கார்டு இணைத்துத் தபால் அட்டை போடுவோம். முதல் அட்டைகளில் நான் பச்சையாக எழுதினேன்: "தங்களுக்குச் சிறுநீர் தாராளமாகப் போகிறதா? வேட்டி நனைகிறதா?" மறுவாரம் கோட்டைப்பட்டினத்திலிருந்து ஹாஜா முகைதீன் கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார். அவருக்கு அரபு எழுத்தில் எழுதுகிற அரபுத்தமிழ்தான் வாசிக்க வரும். ஆகவே தபால்காரர் வாசித்திருக்கிறார், மீன் ஏலம் நடக்கிற இடத்தில், ஏலக்காரனுக்குப் போட்டியான குரலில்.

"வேட்டி நனையுதான்னு ஊரே என்னையக் கேக்குது கம்பவுண்டர். என் சம்மந்தி பக்கத்துல நிக்கிறாரு. இதுக்கு நான் அடைச்சுக்கிட்டே கெடந்திருக்கலாம்."

டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டார்: "அது சரி பாய், நனையுதா?"

"இல்லைங்க."

"ரெங்கசாமி, குறிச்சுக்குங்க."

21 ஜூன்

நேற்று எழுதியதன் மிச்சம். அன்று சாயங்காலம் நான்தான் யோசனை சொன்னேன். நம் கிழவர்களுக்குக் கண்மாயை விட்டால் வேறு பேச்சு ஏது? மடை என்றால் வழி. தண்ணீர் என்றால் அதுதான். கரை கசிகிறதா என்றால் வேட்டி. செந்தண்ணி என்றால் ரத்தம். வீட்டுக்கு அனுப்பும்போது ஒவ்வொருவருக்கும் காதோடு சொல்லிக் கொடுத்தேன். அதன் பிறகு அட்டையில் ஒரே வரிதான்: "கண்மாய் நலமா? மடை எப்படி இருக்கிறது?"

பதில்கள் கட்டுக்கட்டாக வந்தன. "மடை திறந்தபடி ஓடுது. கரை காஞ்சிருக்கு." டாக்டர் ஒவ்வொன்றையும் வாசித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து சிரிப்பார். ஹாஜா முகைதீன் மட்டும் கடற்கரையில் கண்மாய்க்கு எங்கே போவது என்று மறுத்துவிட்டார். அவர் பதில், "பாய்மரத்தில் காற்று நிறைய இருக்கிறது" என்று வந்தது. பாவம், அவர் தோணி வாங்கிவிட்டார் என்று தபால்காரர் நினைத்திருப்பார்.

25 ஜூன்

நாகராசுவின் முதல் கார்டைப் பற்றி எழுதத் தைரியம் இருக்கிறது. எழுதுகிறேன்.

நாகராசு, நாற்பத்தோராம் எண், கந்தர்வக்கோட்டைப் பக்கத்து விவசாயி. ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம் கழித்து அவரிடமிருந்து பதில் வந்தது: "மடை அடைச்சுக்கிச்சு. சொட்டுத் தண்ணி வரவில்லை. உடனே ஆள் வரவும்." டாக்டர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். கதீட்டர், கம்பிகள், ஊசி எல்லாவற்றையும் பைக்குள் திணித்துக்கொண்டு பஸ்ஸில் ஓடினோம். முந்திரித் தோப்புக்குள் இரண்டு மைல் நடை. போய்ப் பார்த்தால் நாகராசு கண்மாய்க்கரையில் மண்வெட்டியோடு நிற்கிறார், கல்லுக்குண்டு மாதிரி. கார்டு போனபோது அவர் வயலில் இருந்திருக்கிறார். மகள் செங்கமலம், அஞ்சாவது படித்தவள், தானே வாசித்துத் தானே பதில் எழுதிவிட்டாள். யாரோ நல்ல ஆபீசர் கண்மாயைப் பற்றி அக்கறையாகக் கேட்கிறார் என்று நினைத்திருக்கிறாள். மடை உண்மையாகவே அடைத்துத்தான் கிடந்தது.

"மடையத் தொறக்க வந்தவுக கையில இத்துணூண்டு பையிதான் இருக்கு?" என்று அவள் கேட்டாள். நாகராசு சிரித்துச் சிரித்துக் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். டாக்டர் விடவில்லை. பனைமரத்துக்குப் பின்னால் கூட்டிப்போய் நொடி எண்ணச் சொன்னார். பதினாறு. திரும்பும்போது மடி நிறைய முந்திரிப்பழம் கட்டிக் கொடுத்தார்கள். டாக்டரின் வெள்ளைச் சட்டையில் பட்ட கறை கடைசி வரைக்கும் போகவில்லை. அந்தச் சட்டையை அவர் விடாமல் போட்டுக்கொண்டு வருவார்.

2 ஜூலை

எழுபத்தொரு நொடி. அளப்பதை நிறுத்திவிடலாம். ஊருக்குத்தான் உபதேசம்.

9 ஜூலை

நேற்றுக் காலையிலிருந்து ஒரு சொட்டும் இல்லை. மத்தியானத்துக்குள் அடிவயிறு கல்லாகிவிட்டது. மீனம்மாள் ஒன்றும் கேட்காமல் வண்டி பிடித்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டர் டியூப் போட்டார். சுவரைப் பாருங்கள் என்றார். பார்த்தேன்.

"ஆபரேஷன்தான் பெரியவரே. தஞ்சாவூர்ல மரியசெல்வம் சார் இருக்காரு. அவரத் தெரியுமா?"

நான் வாயைத் திறக்குமுன் மீனம்மாள், "தெரியுமாவா? இவருதான் அவருக்கு வலது கையி" என்றாள்.

10 ஜூலை

டியூபோடு படுத்திருக்கிறேன். ஓடி ஒளிய இடமில்லை. எழுதிவிடுகிறேன்.

அந்தப் பயணத்துக்கு எட்டு மாதம் கழித்து நாகராசு வீட்டிலிருந்து இரண்டாவது கார்டு வந்தது. விலாசத்திலும் அதே கோணல் எழுத்து. "தண்ணி நூலாட்டந்தான் வருது. கரையும் கசியுது. நீங்க வந்து மடையைப் பாத்தா தேவலை." அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. எனக்கு அன்று வார்டில் பதினெட்டுப் பேர். மறுபடியும் செங்கமலம் கண்மாய்க்கு மனுப் போடுகிறாள் என்று எனக்குள் சிரித்துக்கொண்டு மேஜை இழுப்பறையில் போட்டேன். டாக்டரிடம் காட்டவில்லை. மழை இல்லாத வருஷம் கரை எப்படிக் கசியும்? அந்த ஒரு சொல்லை யோசித்திருந்தால் போதும். சொல்லிக்கொடுத்தவனே நான்தானே.

இருபத்திரண்டு நாள் கழித்து மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். முகம் வீங்கி, விக்கல் நிற்காமல் இருந்தது. ஆபரேஷன் தழும்பு சுருங்கி வழியை இறுக்கிவிட்டது. முன்பே வந்திருந்தால் கம்பி போட்டு விரித்துவிடுகிற ஐந்து நிமிஷ வேலை. மூன்றாம் நாள் போய்விட்டார்.

செங்கமலம் வராந்தாவில் நின்று டாக்டரிடம் கேட்டாள். "நெசக் கண்மாயிக்கு ஓடி வந்தீங்களே அய்யா. எங்கப்பா சொல்லச் சொல்ல எழுதிப் போட்டேனே. இதுக்கு ஏன் வரலை?"

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "கார்டு வந்துச்சா ரெங்கசாமி?"

"வரலைங்க" என்றேன்.

அவர் ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை. அவள் முகம் விழுந்துவிட்டது. "அப்ப நாந்தேன் வெலாசத்தத் தப்பா எழுதிப்புட்டேன் போல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள்.

பதிவேட்டில் நாற்பத்தொன்றுக்கு எதிரே "பதில் இல்லை" என்று எழுதினேன், என் நல்ல கையெழுத்தில். டாக்டர் அதை வைத்துத் தம் கட்டுரையில், நலமாக இருக்கும்போது எழுதுகிறவர்கள் நோவு வந்தால் எழுதுவதில்லை, ஆகவே இந்தப் பக்கத்து மக்களிடம் கடிதத்தை நம்ப முடியாது என்று எழுதினார். கார்டு போடுவதையே நிறுத்தினார். எழுதுவதில் ஒருவரும் தவறவில்லை. நான் தவறினேன். அந்தக் கார்டு என் பென்ஷன் காகிதங்களுக்கு அடியில் பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது.

16 ஜூலை, தஞ்சாவூர்

வரும்போது கந்தர்வக்கோட்டையில் பஸ் பத்து நிமிஷம் நின்றது. நான் இறங்கவில்லை. ஜன்னல் பக்கமே திரும்பவில்லை.

டாக்டருக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும், "ரெங்கசாமி, மடை எப்படி இருக்கு?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வலி என்று நினைத்துத் தோளைப் பிடித்தார். கார்டை எடுத்துக் கொடுத்தேன். கத்தி வைத்த பிறகு சொல்லலாம் என்று வழி முழுக்க நினைத்திருந்தேன். அது இன்னொரு திருட்டுத்தனம் என்று தோன்றியது.

தபால் முத்திரையின் தேதியைக் கண்ணாடி போட்டு வாசித்தார். எழுந்து போய் ஜன்னலோரம் நின்றார். பிறகு அலமாரியைத் திறந்து அந்தப் பழைய பதிவேட்டை எடுத்தார். வைத்திருக்கிறார். "பதில் இல்லை" என்பதை அடித்துவிட்டு எதிரே எழுதினார்: "பதில் வந்தது. நாங்கள் போகவில்லை."

"நாங்கள் இல்லைங்க டாக்டர், நான்" என்றேன்.

"அவருக்குக் கத்தி வச்சவன் நான். ஒரு வருஷம் முடிஞ்சதும் கார்டையே நம்பி இருந்துட்டேன். அது என் தப்பு" என்றார். பதிவேட்டை மூடினார். "கட்டுரையில தப்பா எழுதினதத் திருத்தி அனுப்புறேன், அது என் வேலை. ஆனா நீங்க சொல்ல வேண்டிய ஆள் நான் இல்ல. அந்தப் பொண்ணு கந்தர்வக்கோட்டையில இருக்கு."

அவர் குரலில் பழைய சிரிப்பு இல்லை. இருந்தும் நாளைக்கு எனக்கு ஆபரேஷன் செய்யப்போகிறவர் அவர்தான்.

1 ஆகஸ்ட்

எலுமிச்சங்காய் அளவு சதை. தையல் பிரித்தாகிவிட்டது. மீனம்மாள் அந்தச் சதையைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுக்கா இம்புட்டு ஆர்ப்பாட்டம்" என்றாள்.

19 செப்டம்பர், புதுக்கோட்டை

எட்டு அவுன்ஸ் — பதினேழு நொடி. பல்லியைக் காணோம்.

டாக்டரிடமிருந்து பதில் கார்டு இணைத்த அட்டை வந்தது. "சிறுநீர் தாராளமாகப் போகிறதா? வேட்டி நனைகிறதா?" பச்சைத் தமிழில், அவர் கையெழுத்தில். கொண்டுவந்த தபால்காரர் கருப்பன் கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு நின்றார். வாசித்திருக்கிறார். "போகுதுப்பா, நனையலை" என்று அவரிடமே சொன்னேன். "எங்கப்பாவுக்கும் இப்படித்தான் இருக்குங்க. எந்த டாக்டரு?" என்றார். விலாசம் எழுதிக் கொடுத்தேன்.

6 அக்டோபர்

இன்று கந்தர்வக்கோட்டையில் இறங்கினேன்.

முந்திரித் தோப்பு அப்படியே இருக்கிறது. செங்கமலம் அதே வீட்டில், இடுப்பில் பிள்ளையோடு இருந்தாள். என்னை அடையாளம் தெரியவில்லை. சொன்னேன். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். குடிக்காமல் முழுவதையும் சொன்னேன். கார்டு வந்தது, நான் வாசித்தேன், மேஜையில் போட்டேன், வரவில்லை என்று பொய் சொன்னேன். நான்கு வாக்கியம்தான். பஸ்ஸில் ஒத்திகை பார்த்தது ஒன்றும் நினைவில் இல்லை.

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கையை நீட்டினாள். கார்டைக் கொடுத்தேன். பின்பக்கம் தன் அப்பா சொல்லச் சொல்ல எழுதியதை அவள் பார்க்கவில்லை. விலாசம் எழுதிய பக்கத்தைத் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து வாசித்தாள். டாக்டர் பெயர். ஆஸ்பத்திரி. புதுக்கோட்டை.

"சரியாத்தேன் எழுதியிருக்கேன்" என்றாள்.

உள்ளே திரும்பி, "ஆத்தா, வெலாசம் சரியாத்தேன் எழுதியிருக்கேன்" என்று மறுபடியும் சொன்னாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். கார்டைத் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. சாயங்கால பஸ்ஸில் வந்துவிட்டேன்.