வழிகாட்டியின் கணவர்

செப்டம்பர் 1, ஞாயிறு

காலையிலிருந்து மழை. மனைவி தன் உரையின் கைப்பிரதியை என் மேசைமேல் வைத்துவிட்டு, குடையுடன் பழைய துறைமுகத்துக்குப் போய்விட்டாள். மழையில் அந்த இடம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம்.

இம்மாத இறுதியில் அவளுக்கு நகர வழிகாட்டி உரிமத்துக்கான செய்முறைத் தேர்வு. தேர்வாளர் ஒருவர் உடன் வருவார். குழுவில் இருப்பவர்கள் உண்மையான பயணிகள். காட்சிக் கோபுரம், கண்ணாடிக் கூரைச் சந்தை, பழைய துறைமுகம், ஓவியக் காட்சியகம் ஆகிய நான்கையும் அதே வரிசையில் காட்ட வேண்டும். வரிசையை மாற்ற இயலாது. இருமுறை தவறியவர் ஐந்து ஆண்டுகள் கழித்தே மீண்டும் விண்ணப்பிக்க முடியும். அவளுக்கு இப்போது ஐம்பத்தொன்று.

ரயில் நிலையத்தின் விசாரணைக் கவுண்டரில் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தவள். ஊர் பார்க்க வந்தவர்களுக்கு எந்தப் பேருந்து, எந்த வாசல், எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்றெல்லாம் சொல்லி அனுப்பியவள். சென்ற ஆண்டு கவுண்டரை எடுத்துவிட்டு அங்கே தொடுதிரை வைத்தார்கள். விருப்ப ஓய்வுப் பணத்தில் அவள் முதலில் வாங்கியது ஒரு ஜோடி நல்ல காலணி. “இத்தனை வருஷம் வாயால சொன்னதை இனி நடந்து சொல்லப்போறேன், அவ்வளவுதான்” என்றாள்.

ஒரு நிறுவனத்தின் சட்ட அலுவலன் நான்; உரையைச் சரிபார்த்துத் தர ஒப்புக்கொண்டிருக்கிறேன். பொதுமக்கள் முன் சொல்லப்படும் எந்தக் கூற்றுக்கும் சொல்பவரே பொறுப்பு. அவளை எவரும் ஒரு சொல்லிலும் பிடித்துவிடக் கூடாது.

செப்டம்பர் 4, புதன்

திருத்தம் முடிந்தது. ‘இந்தக் கோபுரம்தான் நம்ம ஊரோட தலை’ என்று எழுதியிருந்தாள். ‘இக்கோபுரம் இந்நகரின் உயரமான கட்டுமானங்களுள் ஒன்றெனப் பொதுவாகக் கருதப்படுகிறது’ என்று மாற்றினேன். ‘சந்தையில் கிடைக்காதது எதுவுமில்லை’ என்பதை முற்றாக நீக்கினேன், நிரூபிக்க இயலாது.

மகள் அதை உரக்க வாசித்துவிட்டுச் சொன்னாள்: “அப்பா, இதைக் கேட்டா அந்தக் கோபுரமே ஜாமீன் கேக்கும்.”

மகள் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். துல்லியத்தின் அருமை அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

செப்டம்பர் 8, ஞாயிறு

மனைவியின் அண்ணன் வந்திருந்தார். செய்தி அவர் காதுக்கு எட்டிவிட்டது.

“இந்த வயசுல கொடியைத் தூக்கிக்கிட்டுத் தெருத்தெருவா அலையணுமா இவ? மாப்பிள்ளை, நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா?”

உங்கள் தங்கை வயதுவந்தவர், சுயநினைவுடையவர், தம் தொழிலைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமை உடையவர். தலையிட எனக்கு முகாந்திரம் இல்லை என்றேன்.

“வீட்டுலயும் இப்படித்தான் பேசுவாரா?” என்று தங்கையைக் கேட்டார்.

“தூக்கத்துலயும்.”

“சிரிக்காதே. நாலு பேர் பாத்தா என்ன நினைப்பாங்க?”

“நாலு பேர் இல்லண்ணா. பன்னெண்டு பேர். டிக்கெட் எடுத்துப் பாப்பாங்க.”

அவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டார். எனக்கு உள்ளூர ஒரு பெருமிதம். அதை முகத்தில் காட்டவில்லை என்றுதான் எண்ணுகிறேன்.

செப்டம்பர் 27, வெள்ளி

தவறிவிட்டாள்.

செப்டம்பர் 28, சனி

நேற்று அதற்குமேல் எழுத இயலவில்லை.

அவள் எதையும் மறக்கவில்லை. நான் எழுதித் தந்ததை ஒரு சொல் பிசகாமல் சொல்லியிருக்கிறாள். கோபுரத்தின் மேலேயே இருவர் கொட்டாவி விட்டார்கள். சந்தையில் ஒரு தம்பதி நழுவிப் பழக்கடைக்குப் போய்விட்டார்கள். காட்சியகத்தை அடைந்தபோது குழுவில் ஆறு பேர்தான் மிச்சம். முடிவில் தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டாராம்: “அம்மா, நீங்க ஊரைச் சுத்திக் காட்டினீங்களா, இல்ல ஊர் மேல வழக்குப் போட்டீங்களா?”

இதைச் சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று எழுந்து போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

என்ன செய்துவிட்டேன் நான்? ஒருத்தி ஆசை ஆசையாக எழுதியதை உட்கார்ந்து வெட்டி, ஒட்டி, உயிரை எடுத்து — யாருக்குப் பயந்து? அந்த ஊர் என்ன என்மேல் மானநஷ்ட வழக்கா போடப்போகிறது?

செப்டம்பர் 30, திங்கள்

ஒரு வழி தென்பட்டது. தேர்வு அறிவிப்பைக் குறைந்தது முப்பது நாட்களுக்கு முன் அனுப்ப வேண்டும் என்பது விதி. அவளுக்கு அது தாமதமாகவே வந்தது. தேர்வையே செல்லாததாக்கிவிடலாம். அலுவலக நேரம் முடிந்தபின் மேல்முறையீட்டு மனுவைத் தயாரித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மனு, நானே சொல்லிக்கொள்ளலாகாது, நன்றாகவே அமைந்திருந்தது.

முழுவதையும் படித்தாள். நான்காக மடித்து என் சட்டைப்பையில் வைத்தாள்.

“ஜெயிச்சுடுவீங்களா?”

“பெரும்பாலும்.”

“ஜெயிச்சு என்னங்க பண்றது? மறுபடி அதே பன்னெண்டு பேர் கொட்டாவி விடுவாங்க. எனக்கு அந்த உரிமச் சீட்டு வேணாம். அவங்க நழுவாம என் பின்னாடி வரணும். அது போதும்.”

மனுவைத் தாக்கல் செய்யாமலே திரும்பப் பெற்றுக்கொண்டேன். என் தொழிலில் எனக்கு இப்படி நேர்வது அரிது.

அக்டோபர் 6, ஞாயிறு

புதிய ஏற்பாடு. உரை எழுதப்படாது. நான் அவளுடன் நடக்கலாம். பேனா கொண்டுவரக் கூடாது. ‘எதையும் நம்பாத பயணி’ என்னும் பாத்திரம் எனக்கு.

“நடிக்கவே வேணாம், நீங்க நீங்களா இருந்தாப் போதும்” என்றாள்.

நவம்பர் 10, ஞாயிறு

இன்று சந்தை. இத்தனை ஆண்டுகளில் அங்கே காய்கறி வாங்கியிருக்கிறேனே தவிர, தலையை உயர்த்திப் பார்த்ததில்லை. இரும்பு வளைவுகளுக்கு மேலே ஒரு மைதானம் அளவுக்குக் கண்ணாடி. அதில் ஒரே ஒரு பலகை மட்டும் பச்சை. ஆலங்கட்டி மழையில் உடைந்ததற்கு மாற்றாக அவசரத்துக்குக் கிடைத்ததைப் போட்டார்களாம். சரியான கண்ணாடி வந்தபோது கீழிருந்த கடைக்காரர்கள் மாற்ற விடவில்லையாம். நண்பகலில் அந்தப் பச்சை வெளிச்சம் எந்தக் கடைமேல் விழுகிறதோ அந்தக் கடையில் அன்று வியாபாரம் நன்றாக நடக்கும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை.

“இதற்கு என்ன ஆதாரம்?” என்றேன், பாத்திரத்துக்கு உண்மையாக.

“பழுது பாத்த கம்பெனிக்காரரோட பையன் இதே சந்தையில பூட்டுக்கடை வச்சிருக்கார். வாங்க, கேட்டுடலாம்.”

கேட்டேன். குறுக்கு விசாரணையும் செய்தேன். பூட்டுக்கடைக்காரர் அசையவில்லை. பக்கத்துப் பூக்கடை அம்மாள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மனைவியிடம் கேட்டார்: “யாரும்மா இந்த ஆளு? இத்தனை கேள்வி கேக்குறாரு!”

“எங்க வீட்டுக்காரர்தான். தினக்கூலிக்குக் கூட்டிட்டு வந்திருக்கேன்.”

“கூலி அதிகமா?”

“மதியச் சோறு மட்டும்.”

மாலையில் துறைமுகம் வரை நடந்தோம். கப்பலைக் கட்டிய கல் கம்பத்தில் கயிறு அறுத்த தடம், விரல் முழுதாகப் புதையும் ஆழம். அதில் என் விரலை வைத்துப் பார்க்கச் சொன்னாள். வைத்தேன். அடுத்த கம்பத்திலும் போய் நானாகவே வைத்துப் பார்த்தேன். ஏன் என்று தெரியவில்லை.

டிசம்பர் 11, புதன்

நாளை இரண்டாம் முறை. உறவினர் எவரும் குழுவுடன் செல்லலாகாது என்பது விதி. கோபுரத்தின் மேல்தளம் பொது இடம்தானே, டிக்கெட் வாங்கிய எவரும் நிற்கலாமே என்று ஒரு வாதம் எழுந்தது. எழுந்ததை நானே தள்ளுபடி செய்தேன். யாராவது என்னை அடையாளம் கண்டுவிட்டால் பாதிப்பு அவளுக்கு.

காலணியைத் துடைத்து வாசலில் வைத்திருக்கிறாள்.

டிசம்பர் 12, வியாழன் — அலுவலகம், காலை

என் இருக்கைக்கு எதிரே ஜன்னல். தினமும் அதில் கோபுரம் தெரியும். இன்று இல்லை. பனிமூட்டம். எதிர்க் கட்டடமே இல்லை.

கோபுரத்தைக் காணோம். காணவே காணோம்.

மேல்தளத்திலிருந்து குறைந்தது ஆறு இடங்களைக் காட்ட வேண்டும் என்பது விதி. எதைக் காட்டுவாள்? வரிசையை மாற்றவும் கூடாது. இன்னும் ஐந்து வருஷமா? ஐம்பத்தாறு வயதில் மறுபடி முதலிலிருந்தா? ஐயோ, அந்தச் சனியன் பிடித்த பனி ஒரு நாள் பொறுத்து வந்திருக்கக் கூடாதா!

குத்தகைப் பத்திரம் ஒன்று விரித்தபடி கிடக்கிறது. ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். குத்தகைக்கு விடுபவர் யார், எடுப்பவர் யார் என்றே புரியவில்லை.

அதே நாள், வீடு

பேசிப் பேசிக் குரல் கம்மிப்போய் வந்தாள். தண்ணீர் குடித்தாள். மகளும் நானும் எதிரே உட்கார்ந்தோம். அவள் சொன்னதைச் சொன்னபடியே பதிகிறேன்.

மேலே ஏறியதும் நான்கு பக்கமும் வெள்ளை. குழுவில் ஒரு பருத்த மனிதர், வெளியூர் மர வியாபாரி, உடனே தொடங்கிவிட்டார்: “என்னம்மா இது? வெள்ளைத் துணியைப் பாக்கவா இவ்வளவு உயரம் ஏத்தினீங்க? துணியை எங்க வீட்டுலயே பாத்திருப்பேனே!” எல்லோரும் சிரித்தார்கள். தேர்வாளர் மட்டும் சிரிக்கவில்லை; எழுதத் தயாராக நின்றார்.

அவள் கண்ணாடிச் சுவரருகே போய் நின்று சொன்னாளாம்: “நல்லதாப் போச்சு. இப்போ ஆறு விஷயம் சொல்லப்போறேன். ஒண்ணையும் நம்பாதீங்க. கீழ போய் நீங்களே கண்டுபிடிங்க. ஒண்ணு தப்பா இருந்தாலும் ஐயா உங்களுக்கு டிக்கெட் காசு என் கையிலருந்து.”

பிறகு வெள்ளையை நோக்கிக் கை நீட்டி, இந்தத் திசையில் ஒரு சந்தை, அதன் கூரையில் ஒரே ஒரு கண்ணாடிக்கு மட்டும் வேறு நிறம். என்ன நிறம் என்று சொல்ல மாட்டேன் என்றாள். அந்தத் திசையில் துறைமுகம், அங்கே கல்லை வெட்டிய கயிறு. இந்தப் பக்கம் ஆற்றுப் பாலம். அதன் நடைபாதையில் யாரோ ஒரு குழந்தை, சிமெண்ட் காயும் முன் நடந்துபோன தடம். இப்படியே ஆறு. மர வியாபாரி தாளில் குறித்துக்கொள்ளத் தொடங்கினார், அவளை மாட்டிவிடும் எண்ணத்துடன்.

சந்தைக்குள் நுழைந்ததும் பன்னிரண்டு பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்து ஒருவர்மேல் ஒருவர் மோதினார்கள். “பச்சை! பச்சைம்மா, அதோ!” என்று முதலில் கத்தியது அந்த மர வியாபாரிதான். கடைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்களாம். துறைமுகத்தில் கம்பத்தடியில் வரிசை நின்று ஒவ்வொருவராக விரலை வைத்தார்கள். வரிசையின் கடைசியில் தேர்வாளர்.

“அவரும் வச்சாரா?” என்றாள் மகள்.

“கையுறையைக் கழட்டிட்டு வச்சார்டி.”

ஒருவர்கூட நழுவவில்லை.

நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முதலில் கூற்று, பிறகு அதற்கான சான்று: முப்பது ஆண்டுகளாக நான் செய்யும் தொழில் இதுவே. “ஆக, என்னிடமிருந்து ஒன்றாவது கற்றுக்கொண்டிருக்கிறாய்” என்றேன்.

“உங்ககிட்டருந்தா?” அவளுக்கு உண்மையாகவே வியப்பு. “கவுண்டர்லருந்துங்க. அங்க கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிக்கிறவருக்கு நான் சொல்ற எதுவும் அப்போ கண்ணுல தெரியாது. வெறும் என் பேச்சுதான். போய்ப் பாத்துட்டுத்தானே நம்புவாங்க? இருபத்திரண்டு வருஷமா பனியிலதாங்க வேலை பாத்திருக்கேன்.”

மகள் என்னைப் பார்த்தாள். நான் மேசையைப் பார்த்தேன். ஆனால் அந்த நிமிடத்தில் எனக்கு இருந்த பெருமை — அதற்கு என் பங்களிப்பு ஏதுமில்லை என்று தெரிந்த பின்னும் — சற்றும் குறையவில்லை. கூடியது.

இருப்பினும், மேல்தளத்திலிருந்து ஆறு இடங்கள் தெரிந்தாக வேண்டும் என்னும் விதி அப்படியே இருக்கிறது. இதை அவளிடம் சொல்லவில்லை.

டிசம்பர் 14, சனி

தகவல் இல்லை. அவள் அலமாரியைத் துடைக்கிறாள். துடைத்ததையே மறுபடி துடைக்கிறாள்.

டிசம்பர் 16, திங்கள்

தேர்ச்சி!

தேர்வாளரே தொலைபேசியில் அழைத்தார். ஒலிபெருக்கியில் போட்டாள். “விதிப்படி மேல உங்களுக்கு நான் ஒரு மார்க்கும் போட முடியாதும்மா. போடலை. கீழ போட இடம் பத்தலை” என்றார். பிறகு: “எல்லாருக்கும் டீ குடிக்க நேரம் விடணும். அன்னைக்கு நீங்க விடலை. அதுக்கு ரெண்டு மார்க் குறைச்சிருக்கேன்.”

“அவங்கதாங்க நிக்க மாட்டேன்னாங்க!” என்று இவள் தேர்வாளரிடமே வாதாடினாள். அந்த வாதத்தில் நியாயம் இருந்தது.

அவளுடைய அண்ணனுக்கு நானே அழைத்துச் சொன்னேன். “எங்க வீட்டுலயே அவதான், மாப்பிள்ளை, சின்ன வயசுலருந்து வழி கேட்டா சரியாச் சொல்லுவா” என்றார், ஏதோ இத்தனை நாளும் இதையே சொல்லிக்கொண்டிருந்தவர்போல.

ஜனவரி 21, செவ்வாய்

இன்று நிர்வாக இயக்குநர் என் அறைக்கே வந்தார். வழக்கமாக அவர் அழைப்பார், நான் போவேன். வெளிநாட்டுப் பங்குதாரர்கள் வருகிறார்களாம். வியாழக்கிழமை ஊர் சுற்றிப் பார்க்க விருப்பமாம். “உங்க மனைவியைத்தான் கேக்குறாங்க. யாரோ சொல்லியிருக்காங்க. வியாழக்கிழமை காலையில அனுப்பிடுங்க சார்.”

பத்தொன்பது ஆண்டுகளில் அவர் கேட்ட எதற்கும் நான் இயலாது என்று சொன்னதில்லை. கூடுமானவரை முயல்கிறேன் என்றே சொல்லிப் பழகியிருக்கிறேன்.

வியாழன் காலையும் மாலையும் நிரம்பிவிட்டன என்றேன். கொஞ்சம் பேசிப் பாருங்களேன் என்றார். பேசுவதற்கில்லை, குழு உறுதியாகிவிட்டது. வெள்ளி காலை ஒன்பதரைக்கு இருவருக்கு இடம் இருக்கிறது, நடக்கத் தோதான காலணி அணிந்து வரச் சொல்லுங்கள் என்றேன்.

இயக்குநர் கைபேசியில் நாட்காட்டியைத் திறந்தார். வெள்ளிக்கிழமையை எடுத்துக்கொண்டார்.