மூன்றாவது ஓலை

மரக்காணம்,
ஞாயிறு, பூசை முடிந்து.

அன்புள்ள ஜெஸ்வினுக்கு,

ரோஸ்லின் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே கொரியாவில் சுன்சோன் நகரத்தின் மூன்று ஏரிகளும் சுகம் என்று உங்கள் மெசேஜ்களிலிருந்து தெரிகிறது. உங்கள் சுகம்தான் தெரியவில்லை.

வாட்ஸ்அப்பில் கேட்டால் கட்டைவிரல் பொம்மை போட்டுத் தப்பித்துவிடுகிறீர்கள். அதனால்தான் காகிதத்தில் எழுதி, லீவு முடிந்து அங்கே திரும்பும் வெற்றிச்செல்வன் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

எப்போது வருகிறீர்கள் என்று கேட்டேன். அந்த ஊர்ப் பெயருக்கு வசந்த ஆறு என்று அர்த்தம் என்றீர்கள். மண்டபம் பிடிக்கலாமா என்றேன். சுற்றிலும் மலை, நடுவில் கிண்ணம் மாதிரி ஊர், விடிந்தால் எதிரில் நிற்கிற ஆள் தெரியாத மூடுபனி என்றீர்கள். புடவை என்ன நிறத்தில் எடுக்கட்டும் என்றதற்கு, 1950 சண்டையில் அந்த ஊர் தரைமட்டமான கதை! ஐயோ சாமி, நான் என்ன கொரியா சரித்திரத்தில் பரீட்சையா எழுதப்போகிறேன்? ஏரிதான் பார்க்கவேண்டுமென்றால் எனக்கு இங்கேயே கழுவெளி ஏரி இருக்கிறது. ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்ப் பார்த்துக்கொள்வேன்.

உங்கள் அம்மா, நீங்கள் சரி சொல்லிவிட்டதாகச் சொல்லி, கோவிலில் கல்யாண ஓலை வாசிக்கக் கொடுத்துவிட்டார்கள். கேட்டால், "புள்ள வந்துடுவான்மா, நீ கவலப்படாத" என்கிறார்கள். மூன்று ஞாயிறு வாசிக்கவேண்டியதில் இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. மைக்கில் நம் இருவர் பெயரையும் சேர்த்துச் சொன்னபோது கோவிலே திரும்பி என்னைப் பார்த்தது. கோடை மழையில் உப்பளத்து உப்பெல்லாம் கரைந்துபோன கவலையிலும் உங்கள் அப்பா மாடியில் நமக்கென்று ஓர் அறை கட்டி டைல்ஸ் ஒட்டிவிட்டார்.

நேற்று வெற்றிச்செல்வன் அண்ணனை வழிமறித்துக் கேட்டேன். மென்று விழுங்கிச் சொன்னார்: "அவன் கம்பெனிய விட்டு ரொம்ப நாளாவுதும்மா. விசாவும் முடிஞ்சிடுச்சி. கோழிக்கறி ஓட்டல்ல சட்டி கழுவுறான். ஊருக்கு வந்தா திரும்பப் போவ முடியாதுன்னு பயப்படுறான்."

இதைச் சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை. அணை கட்டிய கதைக்கு மட்டும் வந்தது. ஆத்திரத்தில் எல்லா மெசேஜையும் மறுபடி படித்தேன். சோயாங் அணைத் தண்ணீரில் முழுகிப்போன கிராமங்களைப் பற்றி எத்தனை முறை எழுதியிருக்கிறீர்கள்! அந்த ஜனங்களுக்குத் திரும்பிப்போக ஊரே இல்லை என்று. படித்துவிட்டு அழுதேன். அப்புறம் இன்னும் கோபம்தான் வந்தது. மரக்காணம் எங்கே முழுகியது, ஜெஸ்வின்? திண்டிவனத்திலிருந்து பஸ் வந்துகொண்டுதானே இருக்கிறது?

நான் கொரியாவைக் கட்டிக்கொள்ளச் சம்மதிக்கவில்லை. நீங்கள் அங்கே கழுவும் சட்டியை இங்கே கழுவினால் யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரித்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் பதில் வரும்வரை மூன்றாவது ஓலையை நிறுத்திவைக்கும்படி ஃபாதரிடம் கேட்டிருக்கிறேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று வாசிப்பார்கள் இல்லையா? அது தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். மனசில் வேறு யாராவது இருந்தால் சொல்லிவிடுங்கள், தாங்கிக்கொள்வேன். விசாதான் தடையென்றால், அது தடையே இல்லை. ஏரியைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம். வருகிறேன் என்று மட்டும் எழுதுங்கள்.

அந்த மூடுபனியில் வெறுந்தலையோடு திரியாதீர்கள். ஆரோக்கிய மாதா உங்களைப் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு வரட்டும்.

உங்கள் என்று எழுதலாமா எனத் தெரியாமல்,
ரோஸ்லின்