வாசித்துப் பார்த்துப் பெற்றுக்கொண்டேன்

மாப்ளே,

நேற்று உன் கிடார்ப் பெட்டியைத் திறந்தேன். குப்பென்று பவுடர் வாசம். வியர்க்கும் உள்ளங்கையில் நீ பூசிக்கொள்வாயே, அந்த ரோஜாப் பவுடர். நீ போய்ச் சேர்ந்து பதினோரு மாதம் ஆகிறது, வாசம் இன்னும் போகவில்லை. உங்கள் மெல்லிசைக் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் சாயங்காலம் கிடாரைப் பார்க்க வருகிறாள், துடைத்து வையுங்கள் அண்ணே என்று உன் வீட்டுக்காரி சொல்லியிருந்தாள். துடைக்கத் துடைக்க எனக்குத்தான் வியர்த்தது.

சென்னையில் இரண்டு வருஷம் இருந்தபோது கிடார் கற்றுக்கொண்டதாக ஆலங்குடி முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன் அல்லவா? நான் ஒரு தந்தியைச் சுண்டினால் நார்த்தாமலையில் பாறை விரிசல் விடும் என்கிற அளவுக்கு அந்தக் கதை வளர்ந்திருந்தது. உண்மை இதுதான்: நான் தங்கியிருந்த லாட்ஜுக்கு எதிரே கிடார் வகுப்பு நடந்தது. ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குவேன். என் சங்கீத ஞானம் அவ்வளவே.

இருபது வருஷம் குழுவின் இரவல் கிடாரில் வாசித்தவன் நீ. சொந்தமாக ஒரு நல்ல எலெக்ட்ரிக் கிடார் வாங்கத் துணிந்த வருஷம் பார்த்து உனக்கு முட்டியில் ஆபரேஷன். திருச்சி டீலரிடம் போனில் பேசி முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டாய். "நீதான் போகணும் மாப்ளே. வாசிச்சுப் பாத்து வாங்கிட்டு வா. வேற யாரையும் நம்ப மாட்டேன்." அப்போதே சொல்லியிருக்கலாம். நானோ பட்டத்து யானையில் ஏறுகிறவன் மாதிரி பஸ் ஏறினேன்.

கடைக்காரர் கிடாரை என் மடியில் வைத்து, ஆம்ப்ளிஃபயரில் ஒயரையும் செருகிவிட்டார். காலேஜ் பிள்ளைகள் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்கள். என் பத்து விரலும் பத்து வாழைப்பழமாகிவிட்டன. நல்லவேளை, அன்றைக்கு வெள்ளிக்கிழமை. "பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள சாமான் ஒங்க வாசல் தாண்டியாகணும்" என்றேன். இரண்டே நிமிஷம், ஒரு தடவை தட்டிப் பாருங்கள் சார் என்று அவர் கெஞ்சாத குறை. மணி பத்தே கால்தான். வாசித்துப் பார்த்துத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன் என்று அச்சடித்திருந்த சீட்டில் ராஜமுத்திரை போலக் கையெழுத்தைப் பதித்துவிட்டு வெளியே வந்தேன்.

வீட்டில் நீ கேட்ட முதல் கேள்வி, என்ன வாசித்தாய் என்பது. ஒரு மோகனம் போட்டேன், கடைக்காரர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்றேன். நீ சிரித்தபடியே ஒயரைச் செருகினாய். ஏழாவது கட்டத்தில் விரல் வைத்ததும், தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டினாற்போல ஓர் இரைச்சல். கிடாரைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தாய். தந்திகள் ஓடும் கழுத்துக் கட்டை முறுக்கிக்கொண்டிருந்தது. கடையிலேயே வாசித்திருந்தால் அரை நிமிஷத்தில் தெரிந்திருக்கும். என்னை ஒரு தடவை பார்த்தாய்.

டீலருக்குப் போன் போட்டாய், ஸ்பீக்கரில். "ஒங்க ஆளு வாசிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போட்டிருக்காரே சார். வாசிக்காமப் போட்டேன்னு அவரு ஒரு வார்த்தை சொல்லட்டும், இப்பவே மாத்தித் தாரேன்."

நான் உன் எதிரேதான் இருந்தேன். எமனே வந்தாலும் ரெண்டு மணி நேரம் பேச்சுக் கொடுக்கக்கூடியவன் நான். காலி டம்ளரை எடுத்துக் காபி குடித்தேன். என் முகத்தைப் பார்க்காமல் நீ காத்திருந்தாய். அப்புறம் போனைப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சொன்னாய்: "வேணாங்க. அவரு வாசிச்சுத்தான் பாத்தாரு. வர்ற வழியில பஸ்ஸுல அடி வாங்கியிருக்கும்."

அதற்குப் பிறகு மூன்று வருஷம் அதே கிடாரில் வாசித்தாய். மெட்டு அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் வேறு தந்திக்குத் தாவிவிடுவாய். அது உன் ஸ்டைல் என்று ஜனங்கள் விசில் அடித்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து நானும் கைதட்டினேன், மாப்ளே.

நேற்று வந்த பெண் நாலு நிமிஷத்தில் அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். இதை யார் பார்த்து வாங்கியது மாமா என்று என்னிடமே கேட்டாள். டீ கொண்டுவந்த உன் வீட்டுக்காரி, "அண்ணன்தான்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, சொல்லிவிட்டேன். "நான் வாசிச்சுப் பாக்கல தாயி. எனக்கு வாசிக்கவே தெரியாது."

உன் வீட்டுக்காரி டீயை என் பக்கத்தில் வைத்தாள். "இத அவருகிட்ட சொல்லியிருக்கலாம்லண்ணே. என்னைக்காச்சும் நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தாரு."

ஊருக்கு நான் சொன்ன பொய்களில் பாதி எனக்கே மறந்துவிட்டது. எனக்காக நீ அந்த டீலரிடம் சொன்ன பொய் ஒன்றுதான். அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருக்கிறேன்.