குழாயின் இரண்டு வாய்கள்

ஏப்ரல் 6

எங்கள் ஆறு வடக்குப் பார்த்து ஓடுவது; வடக்கே அது இன்னும் உறைந்து கிடக்கிறதாம். இங்கே பனி உருகித் தண்ணீர் ஓடி வருகிறது. வடக்கே போக வழியில்லை. வானொலிக்காரன் புதுச் செய்தி போலச் சொல்கிறான். பனியுகத்தில் இதே வடக்கில் பனி மலையாக நின்று ஆற்றை மறித்துத்தானே கடல் மாதிரி ஏரி தேங்கியது? வற்றிப்போன அந்த ஏரியின் தரையில்தான் நாங்கள் கோதுமை போடுகிறோம். தாம்பாளம் போலத் தட்டையான பூமி.

இடுப்பெலும்பு முறிந்து முன்னறைக் கட்டிலில் கிடக்கும் என் வீட்டுக்காரர் லைலுக்கு வாய் மட்டும் ஓயவில்லை. "ஏரி திரும்பி வருதுடி மார்லிஸ். இந்தத் தடவை வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சுன்னா டவுனுக்குப் போயிடுவோம். பையன் ஃபிளாட் பாத்து வச்சிருக்கான்."

நான் வரமாட்டேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஏப்ரல் 8

சாலைக்கு மேற்கே நாங்கள், கிழக்கே அக்கா ஆர்டெல். அப்பா பிரித்துக் கொடுத்த நிலம். நடுவில் சாலைக்கு அடியில் ஒரு குழாய். நேற்று என் பக்கத்துத் தண்ணீர் அதன் வழியாக அங்கே போயிற்று. இன்று அங்கிருந்து இங்கே வருகிறது! எது மேடு, எது பள்ளம்? இவ்வளவு வயதாகியும் என் நிலம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை.

அக்காவுக்குப் போன் போட்டேன். "காத்து தள்ளுற பக்கம் தண்ணி போகுது. நானா ஊதி விடறேன்?" என்றாள். வாய்க்கொழுப்பு.

ஏப்ரல் 9

குழாயில் என் பக்கத்து வாயை அடைத்துவிட்டேன். பிளைவுட், அதன்மேல் மணல்மூட்டைகள். அவள் பார்க்கவில்லை. லைல் நடக்க முடியாத மனுஷன், வேறென்ன செய்வேன்? சரிதான். சரியா?

ஏப்ரல் 10

தூக்கமில்லை.

ஏப்ரல் 11

காற்று திரும்பிவிட்டது. மேற்கு வயல்களின் தண்ணீரெல்லாம் என் முற்றத்தில். அது போகவேண்டிய குழாயை நானே மூடி வைத்திருக்கிறேன், அறிவுகெட்டவள். விடிந்ததும் தண்ணீரில் இறங்கி மூட்டைகளை இழுத்துப் போட்டுப் பலகையைப் பிடுங்கினேன். தண்ணீர் நகரவில்லை. உள்ளே பனிக்கட்டியா? ஒன்றும் புரியாமல் சாலை மேல் ஏறினேன்.

மறுபக்கம் ஆர்டெல் நிற்கிறாள். அவள் பக்கத்து வாயில் பழைய மெத்தை, அதன்மேல் மூட்டைகள்.

"அடிப்பாவி, நீயுமா?"

"நீ மட்டும் ரொம்ப யோக்கியமோ?"

சிரிப்பு வந்துவிட்டது, இரண்டு பேருக்கும். பிறகு அவள் என் வீட்டைப் பார்த்தாள். தண்ணீர் வாசல்படியைத் தொட்டிருந்தது. போய் டிராக்டரை ஓட்டி வந்து மெத்தையில் கயிற்றைக் கட்டினாள்.

"வேணாம்க்கா! உன் வீடு தாழ்வு, உள்ள பூந்துரும்."

"உன் வீட்டுல லைல் படுத்திருக்கான். என் வீட்டுல யாரு இருக்கா? தள்ளி நில்லு."

தள்ளி நின்றேன். கயிற்றை அறுத்திருக்கலாமே. ஏன் நின்றேன்?

ஏப்ரல் 12

சாலைக்கு இருபுறமும் ஒரே மட்டம். எந்தப் பக்கமும் ஓட்டமில்லை. எங்கள் படியில் தண்ணீர் இறங்கிவிட்டது. அவள் அடுக்களையில் அடுப்பு மூழ்கிவிட்டது. படகில் போய் அழைத்து வந்தேன். என்னைத் திட்டித் தொலைத்தால் தேவலை. திட்டமாட்டேன் என்கிறாள். அவளுக்கு என்மேல் கோபமா, இல்லையா? ஒன்றுமே பிடிபடவில்லை.

மே 3

தண்ணீர் வடிந்துவிட்டது. ஆர்டெல் வீட்டின் அஸ்திவாரம் விரிசல் விட்டு, சுவரெல்லாம் பூஞ்சை. இடித்துவிட வேண்டியதுதான் என்கிறார்கள். அவள் எங்கள் மாடியறையில் தன் துணிகளை அடுக்கிவிட்டு வந்து, என் காப்பி வெறும் கழுநீர் என்றாள்.

சாப்பிடும்போது லைல் மறுபடி டவுன் பேச்சை எடுத்தார். பையன் சாவியே வாங்கிவிட்டானாம்.

"நீங்க வேணா போங்க," என்றேன். "நானும் அக்காவும் விதைக்கணும்."

ஆர்டெல் தலை நிமிராமல் ரொட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள்.