தேதி போடாத தாள்

புதன்கிழமை, காலை

என் அன்புள்ள அதிகாரி அம்மாவுக்கு,

உன் மாத்திரைக்காரன் எழுதுவது. நானும் மகளும் நலம். பயிற்சிக்குப் போன இடத்தில் குளிர் எப்படி இருக்கிறது? போனில் பேசியிருக்கலாமே என்று நினைப்பாய். நம் வீட்டுப் போனை இப்போது யார் யார் கேட்கிறார்களோ, உன் துறையைப் பற்றி உனக்குத் தெரியாததா? நம் கடைக்கு வரும் நர்ஸம்மா லீவு முடிந்து அங்கே வேலைக்குத் திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை கிடைத்துவிடும். திட்டுவதாக இருந்தால் முழுவதும் படித்துவிட்டுத் திட்டு.

முதலில் நல்ல செய்தி. மாடிக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. மகளுக்குக் கல்லூரியில் கேட்ட பாடமே கிடைத்துவிட்டது. காவல்துறைத் தலைமைப் பதவிக்கான பட்டியலில் இருக்கும் மூன்று பெயரில் உன்னுடையதும் ஒன்று என்று தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. இருமல் மருந்து வாங்க வருகிறவர்கள்கூட எனக்கு வணக்கம் வைக்கிறார்கள். ஆளுங்கட்சிக்காரர், எதிர்க்கட்சிக்காரர், நடுவில் ஒரு நீதிபதி, மூவரும் ஒத்துப்போய்ப் போட்ட பட்டியல் அல்லவா? எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில்தான் புத்தி கெட்டுப்போனேன்.

நீ புறப்படும்போது கல்லூரிக்கும் வீட்டு வரி ஆபீசுக்கும் வேண்டியிருக்கும் என்று நான்கு வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டு பீரோவில் வைத்துவிட்டுப் போனாயே. போன சனிக்கிழமை உன் துறை அமைச்சரின் உதவியாளர் வீட்டுக்கு வந்தார். தேன் ஒழுகும் பேச்சு. வருகிற திங்கட்கிழமை அமைச்சர் பட்டியலிலிருந்து உன் பெயரைத்தான் அறிவிக்கப் போகிறாராம். சம்மதக் கடிதம் ஒன்று வேண்டும், மேடம் ஊரில் இல்லையே, கையெழுத்துப் போட்ட தாள் ஏதாவது இருந்தால் நாங்களே டைப் செய்துகொள்கிறோம் என்றார். நான் வாயெல்லாம் பல்லாக ஒரு தாளை எடுத்துக் கொடுத்தேன்.

தாள் அவர் பைக்குள் போன பிறகு, டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “எல்லாரும் குடுக்கறதுதான் சார். ராஜினாமா கடிதம். தேதி மட்டும் காலியா இருக்கும். தேவைப்பட்டா நாங்க போட்டுக்குவோம்.”

திருப்பிக் கேட்டேன். சிரித்தார். கையைப் பிடித்துக்கூடக் கேட்டேன். அப்போதும் சிரித்துக்கொண்டேதான் படியிறங்கிப் போனார்.

மகள் உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். “டாக்டர் கையெழுத்து மட்டும் போட்ட வெத்துச் சீட்டுக்கு நீங்க ஒரு மாத்திரையாவது குடுப்பீங்களாப்பா?” என்று கேட்டாள். இருபத்தாறு வருடமாக அப்படிப்பட்ட சீட்டு கொண்டுவந்த எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியவன் நான். எனக்கே என் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

கடைசியாக அந்தப் பதவியில் இருந்த தலைவரைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு யாரும் அசைக்க முடியாது என்று சட்டம் இருந்தும், அமைச்சரின் மருமகனைக் கைது செய்த பதினோராவது நாள், உடல்நிலை சரியில்லை என்று பதவி விலகினாரே. ஊரே நம்பியது. அவருக்கு மருந்து கொடுப்பவன் நான். வருடத்துக்கு ஒரு தடவை தலைவலி மாத்திரை, அதைத் தாண்டி ஒன்றும் வாங்கியதில்லை. அந்த ஆளை எந்த வியாதி தூக்கியது என்று இப்போதுதான் புரிகிறது. மூன்று பேர் உட்கார்ந்து முறையாகத் தேர்ந்தெடுத்து என்ன பயன், ஒருவர் மேஜை டிராயரில் இப்படி ஒரு தாள் இருந்தால்?

தேர்வுக் குழுவின் நீதிபதிக்கு நடந்ததையெல்லாம் ஒளிவுமறைவில்லாமல் எழுதி வைத்திருக்கிறேன். தாளைக் கொடுத்தது நான், உனக்குத் தெரியாது என்றும் எழுதியிருக்கிறேன். அது போய்ச் சேர்ந்தால் அமைச்சர் காதுக்கும் எட்டும், திங்கட்கிழமை உன் பெயர் வராது. பட்டியலில் இருக்கும் வேறொருவர், தாள் கொடுக்கக் கூசாதவர், அந்த நாற்காலியில் உட்காருவார். உன் முப்பத்தொரு வருட உழைப்பு என் ஒரு நிமிட அசட்டுத்தனத்தில் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. மருந்து எடுக்கும்போதுகூடப் புத்தி அதில் நிற்கவில்லை. நேற்று ஒரு பெரியவருக்குச் சர்க்கரை மாத்திரைக்குப் பதிலாக வேறொன்றை எடுத்துவிட்டு, நல்லவேளை, பில் போடும்போது கண்டுபிடித்தேன்.

நீதிபதிக்கு எழுதிய கடிதத்தை இன்னும் அனுப்பவில்லை. உன்னைக் கேட்காமல் ஒரு முறை கொடுத்தது போதும். படித்ததும் போன் செய். அனுப்புங்க என்றோ வேண்டாம் என்றோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிடு. ஒட்டுக்கேட்கிறவன் ஏதோ பார்சல் விஷயம் என்று நினைத்துக்கொள்ளட்டும். சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் சொன்னால் நானே நீதிபதி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன்.

நீ என்ன சொன்னாலும் அதுதான் எனக்குச் சரி. ஆனால் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பதவி போனால் என்னை ஆயுசுக்கும் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். பதவி வந்து, என்றைக்காவது ஒரு பெரிய மனிதனைக் கைது செய்ய உத்தரவு போடும்போது உன் கை ஒரு நொடி தயங்கினால், அன்றைக்கு மட்டும் என்னை மன்னித்துவிடாதே.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன்,
மாத்திரைக்காரன்