அஞ்சலை அக்காவின் ஜோடி

கல் சுமந்த கையால் எனக்குத் தலைவாரிவிட்ட என் அம்மாவுக்கு,

அப்பாவும் தம்பியும் தூங்கிவிட்டார்கள். சிம்னி விளக்கைச் சின்னதாக்கி, முறத்தை நிமிர்த்தி மறைப்பாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்பா விழித்துக்கொண்டால் என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவர் புரண்டு படுக்கும்போதெல்லாம் பேனா நின்றுவிடுகிறது.

இது என் கட்டுரை நோட்டின் கடைசிப் பக்கம். முதல் பக்கத்தில் நாளைக்கு டீச்சரிடம் கொடுக்க வேண்டிய கட்டுரை இருக்கிறது. தலைப்பு, நாட்டை உயர்த்திய பெண்கள். மற்றப் பிள்ளைகள் ராணிகளைப் பற்றியும், சிறைக்குப் போனவர்களைப் பற்றியும் எழுதுகிறார்கள். அவர்களும் பெரியவர்கள்தான். ஆனால் எனக்கு முதலில் உன் முகம்தான் வந்தது. மெட்ராஸிலிருந்து பெங்களூருக்குப் போகிற லாரிகள் நம் ஊர்ப் பக்கம் வந்ததும் குலுங்காமல் போகின்றனவே, அந்தச் சாலையைப் போட்டது யார்?

லீவு நாளில் உனக்குக் கூழ் கொண்டுவரும்போது பார்த்திருக்கிறேன். ஓவர்சியர் மரச்சட்டம் வைத்துச் சாலையின் வாட்டத்தைப் பார்ப்பார். நீயோ குடிக்க வைத்திருந்த தண்ணீரை நடுச்சாலையில் ஊற்றுவாய். இரண்டு பக்கமும் ஓடி இறங்கினால் சரி. எங்கேயாவது நின்றால், "இங்க பள்ளம் கீது சார்" என்பாய். முதல் தடவை அவர் சிரித்தார். அடுத்த மழையில் நீ காட்டிய இடத்தில்தான் குட்டை தேங்கியது. அப்புறம் அவரே, "முனியம்மா, தண்ணிய ஊத்தும்மா" என்று கூப்பிட ஆரம்பித்தார்.

"நான் இந்த ரோட்டுக்கு மாமியாரு சார். குத்தம் கண்டுபுடிக்காம வுடமாட்டேன்" என்றாயே, உன்னோடு வேலை செய்தவர்கள் அதை இன்னமும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள்.

வயிற்றில் பாப்பாவோடு நீ ஜல்லிக் குவியலுக்குப் பக்கத்தில் விழுந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. வண்டி கட்டி ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்றைக்கு நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். நான் இருந்திருந்தால் ஓடிப்போய் யாரையாவது கூட்டி வந்திருப்பேனா அம்மா?

நீ போன பிறகு அஞ்சலை அக்காவுக்கு ஜோடி இல்லை. ஜல்லி நிறைந்த கூடையை யாராலும் தன் தலைக்குத் தானே ஏற்றிக்கொள்ள முடியாது. ஒருத்தி தூக்கிவிட்டால்தான் இன்னொருத்தி சுமக்கலாம். ஐந்து வருடம் நீயும் அவளும் மாறி மாறித் தூக்கிவிட்டீர்கள். போன வாரம் மேஸ்திரி வீட்டுக்கே வந்து அப்பாவிடம் சொன்னார்: "ஜோடி இல்லாத பொம்பளைய வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? ஒம் பொண்ண அனுப்பு. இல்லன்னா அஞ்சலையும் நின்னுக்கட்டும்."

இன்று மத்தியானம் அப்பா என்னைப் பார்க்காமல் பேசினார். "அஞ்சலைக்கு மூணு புள்ளைங்க. நீ படிக்கணும்னு அதுங்க பட்டினி கெடக்கணுமா? நாளைக்கி காலைல கூடைய எடுத்துக்கினு போ." எனக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று சொல்லவே வெட்கமாக இருந்தது. அந்தக் குழந்தைகள் என்னிடம்தான் தலைபின்னிக்கொள்ள வருகிறார்கள்.

சாயங்காலம் அப்பா என்னை அஞ்சலை அக்காவிடம் அனுப்பினார், கூடை பிடிக்கப் பழகிக்கொள்ளச் சொல்லி. ஜல்லிக் குவியல் அருகே உன்னோடு வேலை செய்தவர்கள் எல்லோரும் கைகால் கழுவாமல் நின்றுகொண்டிருந்தார்கள். நடுவில் இரண்டு கல் நட்டு, மேலே ஒரு பலகைக்கல் போட்டிருந்தது. பழைய மதகில் உடைந்து கிடந்ததே, அந்தக் கல். மாசமாக இருந்து போனவளுக்குச் சுமைதாங்கி வைக்கிற வழக்கம் உனக்குத் தெரியாததா? என் கழுத்து உயரம் இருந்தது.

"இன்னாடி முழிக்கிற? ஒங்கம்மா வந்துட்டா" என்றாள் அஞ்சலை அக்கா.

காலிக் கூடையைப் பலகைக்கல்லின் மேல் வைத்தாள். குவியல் மேல் ஏறி நின்று மண்வெட்டியால் ஜல்லியை அதில் இழுத்துப் போட்டாள். இறங்கி வந்து, தலையைக் கொடுத்து, கூடையை அப்படியே நகர்த்தி வாங்கிக்கொண்டாள். யாரும் தூக்கிவிடவில்லை.

"பாத்தியா? இனிமே எனக்கு முனியம்மாதான் ஜோடி. நீ இங்க வந்தின்னா காலை ஒடிப்பேன்."

"வேலை அந்தாண்ட நகந்துட்டா?" என்று கேட்டேன்.

"அங்க ஒண்ணு நட்டுக்கினா போவுது. கல்லு செமக்கிறவளுக்குக் கல்லா பஞ்சம்?"

அப்போது மேஸ்திரி வந்துவிட்டார். "ஏம்மா, கவருமெண்டு கல்லு இது! யாரக் கேட்டு எடுத்தீங்க?"

"மாசமா இருந்து போனவ கல்லு மேஸ்திரி. தைரியம் இருந்தா நீயே புடுங்கு" என்றாள் அக்கா. அவர் கை நீளவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். "காலைல ஓவர்சியர் வருவாரு. அவரு எடுன்னா எடுக்கணும். நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதுதான் அம்மா பயம். எடுக்கச் சொல்வாரா? உன்னிடம் தண்ணீர் ஊற்றச் சொன்ன அதே மனிதர்தானே? அப்பாவிடம் நான் இதை இன்னும் சொல்லவில்லை. ஆனால் குழி தோண்டிய கடப்பாறை நம் வீட்டுடையது. "ஒங்கப்பன்கிட்டதான் வாங்கினு வந்தோம். எதுக்குன்னு ஒரு வார்த்த கேக்கல" என்றாள் அக்கா. அவருக்குத் தெரியுமா, தெரியாதா?

கட்டுரையை இப்போதுதான் முடித்தேன். கடைசியில் இந்தச் சாலையைப் போட்ட உங்கள் ஒன்பது பேருடைய பெயரையும் எழுதியிருக்கிறேன். முதல் பெயர் உன்னுடையது.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். விடிந்ததும் அப்பா கூடையை எடுத்துக் கொடுப்பதற்குள் நானே சொல்லிவிடுவேன், எனக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று. குரல் நடுங்கினாலும் சொல்வேன். ஓவர்சியர் வருவதற்கு முன்னால் குவியலுக்குப் போய் என் புத்தகப் பையை உன் கல்லின் மேல் ஒரு நிமிஷம் வைப்பேன். நீ தூக்கிவிடு அம்மா. நான் பள்ளிக்கூடம் போய்விடுவேன்.

நீ தூக்கிவிட்டு நடக்கப்போகும்
உன் மகள்,
கஸ்தூரி